கண் கற்றதும் கால் கற்றதும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும், பத்தாம் வகுப்பின் கால அட்டவணையிலிருந்து உடற்கல்விப் பாடவேளை ஓசையின்றி மறைந்து, அவ்விடத்தில் கணிதமோ விஞ்ஞானமோ வந்து அமர்ந்துகொள்ளும் வழக்கத்தை, விசிலைக் கழுத்தில் அணிந்து ஆண்டுகள் பலவற்றைக் கழித்த நம்மில் அறியாதவர் எவருமிலர். அதனை எதிர்த்து நாம் இதுகாறும் சொல்லிவந்ததெல்லாம் சரீர ஆரோக்கியத்தைப் பற்றிய வாதமே. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிஷமாவது நல்ல உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வகுத்ததை எடுத்துக் காட்டுகிறோம்; தலைமையாசிரியரும் தலையசைத்து ஆமோதிக்கிறார்; ஆயினும் பாடவேளை திரும்பி வருவதில்லை. மைதானம் ஆரோக்கியத்துக்கான இடம் என்று மட்டும் சொல்லிவந்த நாம், அது கற்றலுக்கான இடம் என்பதை உரக்கச் சொல்லாமல் விட்டதே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து, “சார், எனக்கு டுப்கி போடத் தெரியும் சார்” என்றான். புரோ கபடிப் போட்டியில் பர்தீப் நர்வால், கைகோத்துச் சூழ்ந்துகொள்ளும் எதிரணியினரின் கைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து நடுக்கோட்டை நோக்கிப் பாயும் காட்சியை, அவன் தன் அண்ணனுடைய கைப்பேசியில் வேகத்தைக் குறைத்து எத்தனையோ முறை பார்த்திருந்தான். எந்தக் கால் முதலில் மடங்குகிறது, தோள் எந்தக் கணத்தில் தாழ்கிறது என்பதை அவன் விவரித்த துல்லியம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஆனால் களத்தில் பாடிச் சென்று, பிடிப்பவர்களின் சங்கிலி தன்னை நெருங்கியபோது அவன் குனிந்தான். குனிந்து நேரே அவர்களுடைய கைகளிலேயே போய் விழுந்தான். மறுமுறையும் அவ்வாறே ஆயிற்று. அவன் சொன்னது பொய்யன்று. கண்கள் கற்று முடித்திருந்தன. கால்கள் இன்னும் தொடங்கவில்லை.

இந்த இடைவெளியின் தன்மையை, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் மாஸ்கோவில் தொழிலாளரின் அசைவுகளை ஆராய்ந்த நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்னும் சரீர சாஸ்திரி கண்டறிந்தார். கைதேர்ந்த தொழிலாளி சுத்தியலால் உளியின் தலையில் அடிக்கையில், அடி விழும் இடம் அநேகமாக மாறாதிருக்க, சுத்தியலை அங்கே கொண்டுசேர்க்கும் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடிக்கும் சற்றே வெவ்வேறாக அசைவதை அவர் படமெடுத்து அளந்தார். அப்பியாசத்தில் நாம் திரும்பத் திரும்பச் செய்வது அசைவை அல்ல, அசைவுக்கு வழி தேடும் முயற்சியைத்தான் என்பது அவருடைய முடிவு. காணொளியிலுள்ள சங்கிலி ஆயிரம் முறை பார்த்தாலும் அதே உயரத்தில்தான் வருகிறது. மைதானத்துச் சங்கிலியோ, இடது மூலையில் நிற்பவன் நெட்டையனா குட்டையனா, மண் ஈரமா காய்ந்ததா, பாடுபவனுக்குரிய 30 விநாடியில் எஞ்சியது எவ்வளவு என்பவற்றுக்கேற்ப ஒவ்வொரு முறையும் புதிதாக எழுகிறது. அந்தப் புதுமையைச் சந்திக்கும் சந்தர்ப்பம் திரையில் இல்லை. மாணவனுக்கு அது கிடைக்கும் ஒரே வேளையைத்தான் ஜனவரியில் நாம் கணிதத்துக்கு ஒப்படைத்துவிடுகிறோம்.

இதனால் கைப்பேசியைப் பகையாக நான் கருதுகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், நம் மாநிலத்தில் ஒன்பது முதலான மேல் வகுப்புகளுக்கு ஓரளவு நிலையாகத் திறக்க 2021 செப்டம்பரும், சிறு வகுப்புகளுக்குத் திறக்க நவம்பரும் ஆயின. அந்த நெடுங்காலத்தில் கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே பலருக்கு வகுப்பறையாக இருந்தன. தன்னைப் படிக்கவைத்த கருவியைத் தீயது என்று நாம் சொன்னால், அந்தப் பிள்ளை நம் சொல்லை எப்படி நம்பும்? நாம் சிந்திக்க வேண்டுவது அதை மைதானத்துக்குள் எவ்வாறு கொண்டுவருவது என்பதே.

அதில் நான் செய்த பிழையையும் இங்கே பதிவு செய்வது என் கடமை. சில ஆண்டுகளுக்கு முன், ஒவ்வொருவனும் பாடிவந்தவுடன் அவனுடைய அசைவைப் பதிவுசெய்து அங்கேயே காட்டித் திருத்தும் முறையை மிகுந்த உற்சாகத்தோடு கையாண்டேன். பயிற்சியில் பிள்ளைகள் விரைவாக முன்னேறினர். வட்டாரப் போட்டியிலோ, ஒவ்வொரு முறையும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தபடி தடுமாறினர். கரோலி வின்ஸ்டைன், ரிச்சர்ட் ஷ்மிட் ஆகிய இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பிற்பாடு படித்தபோதுதான் காரணம் புலப்பட்டது. கையசைவு ஒன்றைப் பழகியவர்களில், ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னர் விளைவை அறிவிக்கப்பெற்றவர்களைக் காட்டிலும், ஏறத்தாழப் பாதி முயற்சிகளுக்கு மட்டும் அறிவிக்கப்பெற்றவர்களே பின்னர் அதனை நன்றாகத் தக்கவைத்திருந்தனர். ஓயாமல் விடை சொல்லிக்கொண்டிருந்த நான், தம் உடலின் சாட்சியைத் தாமே கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டேன்.

தலைமையாசிரியர்களிடம் சொல்ல நம்மிடம் உறுதியான சான்று ஒன்றும் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ட்ருவா ரிவியேர் வட்டாரத்து ஆரம்பப் பள்ளிகளில், 1970 முதல் 1977 வரை, தேர்ந்த உடற்கல்வி ஆசிரியரைக் கொண்டு நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக உடற்கல்வி நடத்தினர். அதற்காக ஏனைய பாடங்களின் நேரத்தைக் குறைத்தார்கள், மதிப்பெண்கள் குறையவில்லை. சென்னையில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியின் வழிவந்த நாம், பயிற்றுநர் தேர்ச்சியின் மதிப்பைப் பிறரிடம் கேட்டு அறியவேண்டிய நிலையில் இல்லை. ஆனால் வெறுமனே பந்தைக் கொடுத்துவிட்டு மரநிழலில் ஒதுங்கும் பாடவேளைக்கு இந்தச் சான்று பொருந்தாது. அவ்வாறு ஒதுங்குவோர் நம்மிடையே இருக்கும் வரை, கணித ஆசிரியர் கேட்கும்போது மறுக்கும் தைரியம் நமக்கு வாராது.

இந்தப் பருவத்தில் என் மைதானத்தில் புதிய நியமம் ஒன்றைக் கைக்கொண்டிருக்கிறேன். மாணவன் நான்கு முறை பாடிய பின்னரே ஒருமுறை பதிவைக் காட்டுகிறேன். காட்டுவதற்கு முன், பிடிபட்ட கணத்தில் தன் பின்னங்கால் எங்கே இருந்தது என்பதை அவனே சொல்லவேண்டும். டுப்கி போட வந்த அந்த மாணவன் முதல் வாரம் முழுவதும் தவறாகவே சொன்னான். சென்ற வியாழக்கிழமை, நான் பதிவை எடுத்து நீட்டியபோது அதை வாங்காமல், “இருங்க சார், கால் கோட்டுக்கு வெளியில இருந்துச்சு, இன்னொருவாட்டி பாடிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான்.