200 பவுண்ட் வேப் வாங்கினால் சிகரெட் சீக்கிரம் விடுமா? பிரிட்டனில் டிஸ்போசபிள் தடைக்குப் பிறகு மாறும் கணக்கு

பிரிட்டனில் 2025 ஜூன் 1-ம் தேதியில் இருந்து, ஒருமுறை இழுத்துவிட்டுத் தூக்கிப் போடும் டிஸ்போசபிள் வேப் விற்கத் தடை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து என நான்கு பகுதிகளிலும் ஒரே நாளில் அமலுக்கு வந்தது. 2023-ல் வாரத்துக்குச் சுமார் 50 லட்சம் வேப்கள் குப்பைக்குப் போவதாக மெட்டீரியல் ஃபோகஸ் என்ற மறுசுழற்சி அமைப்பு கணக்குச் சொல்லியிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லித்தியம் பேட்டரி. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இதுதான் தடைக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று.

தடை வந்ததும் கடைகள் காலியாகிவிடவில்லை. அதே பிராண்ட், கிட்டத்தட்ட அதே வடிவம், அடியில் ஒரு சார்ஜிங் போர்ட், மாற்றக்கூடிய பாட். விலையும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் சிகரெட்டை விட நினைத்து முதல்முறையாகக் கடைக்குள் நுழைபவருக்கு இப்போது தேர்வு செய்ய வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. 10 பவுண்ட் பாட் வாங்குவதா, 30 பவுண்ட் கிட் வாங்குவதா, இல்லை கண்ணாடி அலமாரியில் கைக்கடிகாரம் மாதிரி ஜொலிக்கும் 200 பவுண்ட் சாதனத்தை வாங்குவதா?

விலை ஏற ஏற உடம்புக்கு ஆபத்து குறையும் என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

எப்படி இழுக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி

வேப் இழுப்பதில் இரண்டு வகை. சிகரெட், பீடி பிடிப்பவர் புகையை முதலில் வாயில் நிறுத்தி, பிறகு நுரையீரலுக்குள் இழுப்பார். இதே முறையில் இழுக்கும் வேப்புக்கு 'மவுத் டு லங்', சுருக்கமாக எம்.டி.எல். என்று பெயர். ஹூக்கா மாதிரி ஒரே மூச்சில் நேராக நெஞ்சுக்குள் இழுப்பது 'டைரக்ட் லங்'. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் முகத்தையே மறைக்கிற அளவுக்குப் புகை விடுகிறார்களே, அது இரண்டாவது வகை.

வித்தியாசம் எங்கே வருகிறது? சாதனத்துக்குள் இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருளில். மின்தடை அதிகமானால் வெப்பம் குறைவு. பேட்டரி 3.7 வோல்ட், காயில் 1.2 ஓம் என்று வைத்துக்கொண்டால் வருவது சுமார் 11 வாட். அதே பேட்டரியில் 0.2 ஓம் காயில் போட்டால் 68 வாட் வரை எகிறும். பிளஸ் டூ பிசிக்ஸ் கணக்குதான். எம்.டி.எல். சாதனங்கள் பெரும்பாலும் 1 ஓமுக்கு அருகிலோ மேலேயோ, 8 முதல் 15 வாட்டுக்குள் ஓடுபவை. காற்று வரும் துளையும் சின்னது. அதனால் இழுக்கும்போது சிகரெட் மாதிரியே ஒரு இறுக்கம் கிடைக்கும்.

சிகரெட் பழக்கத்தில் நிக்கோட்டின் ஒரு பாதி என்றால், அந்த இழுவை இன்னொரு பாதி. பல வருடம் புகைத்தவர் முதல் நாளே டைரக்ட் லங் சாதனத்தை இழுத்தால் இருமித் தள்ளிவிட்டு, மறுநாள் பழையபடி பாக்கெட்டைப் பிரிப்பார். கடைக்காரர் பெரிய சாதனத்தைத் தலையில் கட்டுவதால் நேரும் நஷ்டம் வெறும் பணம் மட்டும் இல்லை, விட நினைத்தவரின் ஒரு வாய்ப்பும் போகிறது.

அப்போ அந்த 200 பவுண்டுக்கு என்னதான் கிடைக்கும்?

உயர்விலை எம்.டி.எல். உலகம் தனி உலகம். ஜெர்மனியின் டைஃபூன், ஹங்கேரியில் உருவான டுவார்வ், கேஃபன் போன்ற டேங்குகளுக்கு ரசிகர் கூட்டமே உண்டு. இவை ஆர்.டி.ஏ. வகை. அதாவது ரெடிமேட் காயில் கிடையாது. பயன்படுத்துபவரே கம்பியைச் சுற்றி, பஞ்சைத் திணித்து, அளவு பார்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். டேங்குக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு 'மாட்' என்று பெயர். அமெரிக்காவின் எவால்வ் நிறுவனம் தயாரிக்கும் டி.என்.ஏ. சிப் உள்ளே இருந்தால் விலை தனியாக ஏறும்.

கொடுக்கும் காசுக்குச் சில விஷயங்கள் நிஜமாகவே கிடைக்கின்றன. நல்ல ஸ்டீல், கசியாத வளையங்கள், அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி, வெப்பம் எல்லை தாண்டினால் தானாகக் குறைக்கும் சிப். இந்தக் கடைசி விஷயத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பஞ்சு காய்ந்த நிலையில் காயில் சூடானால் திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் உருவாகும். தொண்டையில் கருகல் வாசனை சுருக்கென்று ஏறும். அந்த இழுப்பைத் தவிர்க்க சிப் உதவும். ஆனால் குறைந்த வாட்டில் ஓடும் சாதாரண எம்.டி.எல். கிட்டில், டேங்க் காலியாகும் முன் நிரப்பி, காயிலை நேரத்துக்கு மாற்றினால் அந்த நிலைமை வருவதே அபூர்வம். இனிப்புத் தூக்கலான திரவம் காயிலைச் சீக்கிரம் கருக்கிவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

காசு கொடுத்தாலும் மாறாதது ஒன்று உண்டு. உள்ளே போகும் திரவம். புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள். 15 பவுண்ட் பாட்டிலும் இதுதான், 200 பவுண்ட் டேங்கிலும் இதுதான். பிரிட்டன் சட்டப்படி டேங்க் 2 மில்லி லிட்டருக்கு மேல் போகக் கூடாது, நிக்கோட்டின் ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நிக்கோட்டின் திரவ பாட்டில் 10 மில்லி லிட்டர்தான். எல்லாத் தயாரிப்பும் எம்.எச்.ஆர்.ஏ. என்ற மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவாக வேண்டும். பதிவு என்பது ஒப்புதல் முத்திரை ஆகிவிடாது. மருந்து என்ற உரிமம் பெற்ற வேப் எதுவும் பிரிட்டன் கடைகளில் இன்று இல்லை.

பேட்டரி விஷயத்தில் விலை உயர்ந்தது சில நேரம் கூடுதல் ஆபத்து. பல மாட்கள் 18650 என்ற கழற்றி மாட்டும் செல்லில் ஓடுபவை. அந்த செல்லைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போட்டால் ஷார்ட் ஆகும். மேலுறை கிழிந்திருந்தாலும் அதே கதைதான். 'மெக்கானிக்கல் மாட்' என்று ஒரு வகை இருக்கிறது. சர்க்யூட்டே கிடையாது, பேட்டரியில் இருந்து நேராகக் காயில். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 38 வயது நபர் வேப் வெடித்து உயிரிழந்தார். சிகரெட்டை விட நினைப்பவருக்கு இந்த வகை தேவையே இல்லை.

ஆய்வில் ஜெயித்தது எந்த சாதனம்?

இங்கிலாந்தின் புகை நிறுத்த மையங்களுக்கு வந்த 886 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. ஒரு பிரிவுக்கு நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவை. இன்னொரு பிரிவுக்கு வேப். ஒரு வருடம் கழித்து சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர்கள் வேப் பிரிவில் 18 சதவீதம், மற்றதில் 9.9 சதவீதம். இரண்டு பிரிவினருக்கும் வாரம்தோறும் ஆலோசகரின் துணையும் இருந்தது.

அந்த ஆய்வில் கொடுத்த சாதனம் என்ன தெரியுமா? நிரப்பிப் பயன்படுத்தும் சாதாரண ஸ்டார்ட்டர் கிட், சுமார் 30 பவுண்ட் விலை. கூடவே 18 மில்லிகிராம் நிக்கோட்டின் திரவம். பளபள டேங்கும் இல்லை, சிப்பும் இல்லை.

அதே ஆய்வின் இன்னொரு எண் தலைப்புச் செய்தியில் வருவதே இல்லை. வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பிரிவில் பட்டை, சூயிங்கத்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். சிகரெட் போனது, நிக்கோட்டின் போகவில்லை.

நிக்கோட்டின் அளவிலும் ஒரு பொறி உண்டு. பயந்துபோய்க் குறைந்த அளவு வாங்குகிறார்கள் பலர். லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தின் லின் டாகின்ஸ் குழு 2018-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 6 மில்லிகிராம் திரவம் பயன்படுத்தியபோது அதே நபர்கள் 18 மில்லிகிராமை விட அடிக்கடி, நீளமாக இழுத்தார்கள். திரவமும் அதிகம் செலவானது. வெறும் 20 பேரை வைத்து நடந்தது என்பதால் இதையே முடிந்த முடிவாக எடுக்க முடியாது. ஆனால் குறைத்தால் ஈடுகட்டத்தான் செய்வார்கள் என்பது புகைப்பவர்களுக்கே தெரிந்த சங்கதி. இதற்கு நேர் எதிர்த் தவறும் நடக்கிறது. 20 மில்லிகிராம் நிக்கோட்டின் சால்ட்டை டைரக்ட் லங் டேங்கில் ஊற்றி இழுத்தால் தலைசுற்றல், குமட்டல்தான் மிச்சம்.

அக்டோபரில் வரும் வரி

2026 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் வேப் திரவத்துக்குத் தனி வரி. 10 மில்லி லிட்டருக்கு 2.20 பவுண்ட், அதற்கு மேல் வாட் வரி. நிக்கோட்டின் இல்லாத திரவத்துக்கும் விலக்கு இல்லை. இங்கேதான் எம்.டி.எல். கணக்கு மாறுகிறது.

வாரத்துக்கு 20 மில்லி லிட்டர் செலவாகும் எம்.டி.எல். பயனாளிக்குக் கூடுதல் வரி 4.40 பவுண்ட். தினமும் 10 மில்லி லிட்டர் ஊதித் தள்ளும் டைரக்ட் லங் பயனாளிக்கு அதே வாரத்தில் 15.40 பவுண்ட். இதுவரை 10, 15 பவுண்டுக்குக் கிடைத்த 100 மில்லி லிட்டர் பாட்டிலுக்கு வரி மட்டுமே 22 பவுண்ட் ஆகும். பெரிய புகைக் கலாசாரத்துக்கு அரசு வைக்கும் செக் இது என்றே சொல்லலாம். 20 சிகரெட் பாக்கெட் விலை 16 பவுண்ட் அளவில் இருக்கும் ஊரில், சின்ன எம்.டி.எல். கிட் அப்போதும் மலிவுதான். வேப் சிகரெட்டை விட மலிவாகவே இருக்க வேண்டும் என்பதற்காக, அதே நாளில் 100 சிகரெட்டுக்கு 2.20 பவுண்ட் கூடுதல் வரியும் போடுகிறார்கள்.

வரி உயர்ந்தால் வரியில்லாத கள்ளச் சரக்கும் வரும் என்ற கவலை நியாயமானது. அமெரிக்காவில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேரை மருத்துவமனைக்கு அனுப்பி, 68 உயிர்களைப் பறித்த நுரையீரல் பாதிப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டறியப்பட்டது, முறையற்ற வழிகளில் விற்ற கஞ்சா எண்ணெய் வேப்களில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். அங்கே உயிரைப் பறித்தது சாதனத்தின் விலை அல்ல, திரவம் வந்த வழி.

புகைக்காதவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சிகரெட்டை விட ஆபத்து குறைவு, ஆனால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. புகைக்காதவர்கள் தொடவே வேண்டாம் என்பதுதான் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை சொல்வது. 2023-ல் 10 லட்சம் பேருக்கு வேப் கிட் கொடுக்கும் திட்டத்தை அந்த நாட்டு அரசு அறிவித்ததும் புகைப்பவர்களுக்காக மட்டும்தான்.

ஊருக்குக் கொண்டு வரலாமா?

லண்டன், மான்செஸ்டரில் படிக்கும் தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்தியாவில் 2019-ம் ஆண்டு சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல்முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட விதிக்கலாம். மறுபடியும் சிக்கினால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

சிங்கப்பூர் வழியாக வருபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரியில் இருந்து வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் பெரியவர்களுக்கு முதல்முறை அபராதம் 700 சிங்கப்பூர் டாலர். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப் என்றால் அது போதைப்பொருள் வழக்கு. லண்டன் கடையில் ரசீதோடு வாங்கினேன் என்று சொன்னால் இரண்டு ஊரிலும் எடுபடாது.