இறக்கையில் பனி! யார் சொல்வது?

பனிக்கட்டி என்றதும் நமக்குச் சர்பத்தில் மிதக்கும் துண்டுகள்தான் நினைவுக்கு வரும். குளிர் நாடுகளில் அது ஆகாய விமானத்தையே வீழ்த்திவிடும் என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் உண்மை அதுதான்!

நீர் 0 டிகிரியில் உறையும் என்று படித்திருக்கிறோம். மேகத்திலுள்ள நுண்துளிகளோ அதற்கும் கீழே, சில வேளை 20 டிகிரி கீழே போனாலும் நீராகவே மிதக்கும். விமானம் வந்து தொடவேண்டியதுதான் தாமதம், பட்ட இடத்திலேயே கட்டியாகிவிடும். தரையில் நிற்கும்போது விழும் ஈரப்பனியும் குளிர்ந்த இறக்கையில் ஒட்டி இறுகும். வழவழப்பான இறக்கை உப்புத்தாள் போலச் சொரசொரப்பானால் காற்று அதன்மேல் ஒழுங்காக ஓடாது; விமானத்தைத் தூக்கும் விசை குறைந்துவிடும். (எடையே ஆபத்தாவதும் உண்டு. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மழை மின்கம்பிகளில் உறைய, அந்தப் பாரம் தாங்காமல் இரும்புக் கோபுரங்களே மடங்கி விழுந்தன.)

அதே கனடாவில், 1989 மார்ச் 10 அன்று, டிரைடன் என்ற சிற்றூரில் ஒரு விமானம் பனிமழையில் நின்றது. இஞ்சினை நிறுத்தினால் மீண்டும் இயக்க அங்கே வசதி இல்லை. ஓடும் இஞ்சினுடன் பனி நீக்கும் திரவம் தெளிக்கவும் கூடாது. தெளிக்காமலே கிளம்பியது. ஒரு நிமிடத்திற்குள் காட்டு மரங்களில் மோதி நொறுங்கியது. 69 பேரில் 24 பேர் மாண்டனர்.

இறக்கையில் பனி இருந்ததை உயிர் தப்பிய விமானப் பணிப்பெண் முன்பே கண்டிருந்தார். விமானியிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா, நாம் போய்ச் சொல்வதா என்ற தயக்கம்!

இந்தத் தயக்கம் எங்களுக்குப் புதிதன்று. பெரியவர்கள் காரியத்தில் தலையிடாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது நல்ல பழக்கமே. ஆயினும் கண்ணால் கண்டதைச் சொல்வது தலையீடு ஆகாது என்பதே எங்கள் கருத்து. அந்தப் பணிப்பெண்ணைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. சொன்னால் "உன் வேலையைப் பார்" என்ற பதில்தான் கிடைக்கும் என்று ஒருவரை எண்ண வைத்தது யார் தவறு?

சொல்லியும் கேளாத கதையும் உண்டே! 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில், விமானம் ஓடுபாதையில் ஓடும்போதே கருவி காட்டும் அளவு சரியில்லை என்று துணை விமானி ஒரு முறைக்கு மேல் சொன்னார். உணர்குழாயைப் பனி அடைத்ததால், இஞ்சின் விசை உள்ளதைவிட அதிகமாகத் தெரிந்தது. தலைமை விமானி நிறுத்தவில்லை. விமானம் பாலத்தில் இடித்துப் போடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் சென்ற நால்வர் உட்பட 78 பேர் இறந்தனர்.

இன்று கனடா நாட்டு விமான விதிகளில் ஒன்று இது: புறப்படுமுன் இறக்கையில் பனியைக் காணும் பணியாளர் எவராயினும் உடனே தலைமை விமானியிடம் சொல்லவேண்டும், சொன்னபின் அவரோ அவர் அனுப்பும் விமானியோ இறக்கையைப் பார்த்தே தீரவேண்டும். இதில் பின்பாதிதான் எங்களுக்கு அதிகம் பிடித்திருக்கிறது.