எதிர்ப்புச் சக்தி கூடினால் எல்லாம் சரியா?

காலபோக விதைப்பு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் முள்ளியவளையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரே தீர்ப்புத்தான்: "உடம்பில் எதிர்ப்புச் சக்தி காணாது. அதைக் கூட்டினால் ஒன்றும் அண்டாது." கொரோனாக் காலத்தில் பாணியாகவும் தூளாகவும் விற்கப்பட்டதும் இதே நம்பிக்கைதான். இதை நம்பி வீட்டில் படுத்திருக்கும் நாட்களில்தான் எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கிறது. அதனால் இதை மறுத்தே ஆகவேண்டும்.

பலவீனருக்குத்தான் நோய் முற்றும் என்கிறார்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் பிடிப்பது சேற்றில் இறங்கி உழைக்கும் வயதிலுள்ள திடகாத்திரமான ஆண்களை. 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. கிருமி குருதியில் பெருகும்போது கிருமியை விழுங்கும் மக்ரோபேஜ் கலங்கள் அதை இனங்கண்டு சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. உடனே குருதிக்குழாய்ச் சுவர் இளகி, வெண்கலங்கள் வெளியேற வழிவிடுகிறது. அளவோடு நடந்தால் அதுவே காப்பு. அளவு மீறினால் கிருமி செய்யும் சேதத்தோடு இந்த அழற்சியின் சேதமும் சேர்ந்துகொள்கிறது.

டெங்கு இன்னும் தெளிவான சாட்சி. ஒருமுறை ஒரு வகை டெங்கு வந்தவருக்கு வேறு வகை தொற்றினால், பழைய பிறபொருளெதிரிகளே வைரஸ் கலத்துக்குள் நுழைய உதவக்கூடும். குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டமும் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டிட்டுது, உடம்பு வென்றிட்டுது" என்று வீட்டார் ஆறுதலடையும் வேளை அது.

எதிர்ப்பைக் கூட்டுவதே மருந்து என்றால், 2020 ஜூனில் வெளியான பிரித்தானிய ஆய்வின் முடிவை எப்படி விளக்குவது? எதிர்ப்பை அடக்கும் டெக்ஸாமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளரின் இறப்பை ஏறக்குறைய மூன்றிலொன்று குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ அது உதவவில்லை. ஆகவே அடக்குவதும் எல்லாருக்கும் மருந்தல்ல. எந்த நேரத்தில், எவ்வளவு என்பதே கேள்வி.

வெண்கலங்கள் எவ்வளவு நேரம் போராடினாலும் நல்லது என்ற எண்ணமும் பிழை. வரம்பில் நடக்கையில் காலில் உடைமுள் ஏறினால் நடப்பதைப் பாருங்கள். சிவக்கும், சுடும், வீங்கும், பிறகு சீழ் கட்டும். அந்தச் சீழில் பெரும்பகுதி நியூத்திரோபில் என்ற வெண்கலங்கள், செத்தவை. நாளொன்றுக்கு எலும்பு மச்சையில் ஏறக்குறைய 10,000 கோடி நியூத்திரோபில்கள் உருவாகின்றன. வேலை முடிந்ததும் அவை சாகவேண்டும். ஒழுங்காகச் சாகும் கலம் தன்னைச் சுருக்கிக்கொண்டு, 'என்னை விழுங்கு' என்ற குறியை வெளிப்பக்கம் காட்டும். அதை விழுங்கிய மக்ரோபேஜ் தன் போக்கையே மாற்றி, அழற்சியைத் தணிக்கும் சுரப்புகளை வெளிவிடும். புண் ஆறத் தொடங்குவது இப்படித்தான். அப்படியல்லாமல் கலம் வெடித்துச் செத்தால் உள்ளிருந்தவை சிதறி, அயலிலுள்ள கலங்களையும் உசுப்பி, வீக்கத்தை நீட்டிவிடும்.

தணிப்பதற்கென்றே வேறு கலங்களும் உண்டு. ரி கலங்கள் வெண்கலங்களில் ஒரு வகை. மற்ற ரி கலங்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் ரி கலங்களை 1995இல் சகாகுச்சி என்ற ஆய்வாளர் இனங்காட்டினார். அவற்றை இயக்கும் பொக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்த பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளின் குடலையும் தோலையும் கணையத்தையும் அவர்களது சொந்த எதிர்ப்புக் கலங்களே தாக்குகின்றன. அந்தப் பிள்ளைகளிடம் குறைவது எதிர்ப்பு அல்ல, அதை அடக்கும் ஏற்பாடு.

அம்மம்மா அவித்துத் தரும் மல்லித்தண்ணியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காய்ச்சல்காரருக்கு நீராகாரம் வேண்டும், தாராளமாகக் குடிக்கட்டும். ஆனால் வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால், அன்றைக்கே முல்லைத்தீவு வைத்தியசாலைக்குப் போய், வயலில் நின்றதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். விதைப்புக் காலத்தில் எலிக்காய்ச்சலைத் தடுக்கப் பொதுச்சுகாதாரப் பரிசோதகர் முன்கூட்டியே தரும் டொக்சிசைக்கிளின் குளிசை யாருடைய எதிர்ப்புச் சக்தியையும் கூட்டுவதில்லை. கிருமி தனக்குத் தேவையான புரதத்தைச் செய்யவிடாமல் தடுத்து, அது பெருகுவதை நிறுத்துகிறது.