பறைக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகளில் கலைப் பயிற்சி முகாம்கள் களைகட்டிவிடுகின்றன. கீபோர்டு, பரதம், ஓவியம், மேலை நடனம் எனப் பத்து நாள் வகுப்பு. கடைசி நாளில் மேடை, சான்றிதழ், ஒளிப்படம். இவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கைப்பேசியில் கண்ணைப் புதைத்துக் கிடக்கும் பிள்ளைகள் பத்து நாளேனும் ஒன்றுகூடி ஆடுவதும் பாடுவதும் நல்லதே. ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி வாய்திறக்க வேண்டியிருக்கிறது.

வத்தலக்குண்டுக்கு அருகிலுள்ள சேவுகம்பட்டியை, தை 3ஆம் நாள் வாழைப்பழம் சூறைவிடும் விழாவைக் கொண்டு பலர் அறிவர். அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் சாவு வீடானாலும் சாமி கும்பிடானாலும் முதலில் காதில் விழுவது பறையொலிதான். சென்ற ஆண்டு அங்கே நடந்த முகாமுக்குப் பறை கற்பிக்க ஆசான் ஒருவரை அழைத்து வந்தோம். மறுநாளே பெற்றோர் சிலர் நம்மைக் காண வந்தனர். "சாமி, பிள்ளைகளுக்கு நல்லதாக ஏதாவது சொல்லிக் கொடுங்கள். இது சாவு மேளம் அல்லவா?" என்றனர். மூன்றாம் நாள் எட்டுப் பிள்ளைகளைக் காணோம். வகுப்பைக் கோயில் மண்டபத்திலிருந்து கல்லறைத் தோட்டத்து மரத்தடிக்கு மாற்றினால் பிள்ளைகளை அனுப்புவதாக ஒருவர் சமரசம் பேசினார். நாமும் மாற்றினோம். அந்த வெட்கமே இதை எழுத வைக்கிறது.

சாவு மேளம் என்பதா குற்றம்? அப்படியானால் அடக்கத் திருப்பலியில் இசைக்கும் ஆர்மோனியத்தையும் தள்ளிவைக்க வேண்டும். செத்த மாட்டின் தோல் என்பார் உண்டு. சபைகளில் நடுநாயகமாக வீற்றிருக்கும் மிருதங்கத்தின் தோல் எங்கிருந்து வருகிறதாம்? பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலின்றி மிருதங்கம் இல்லை. அதைச் செய்யும் கைவினைஞருள் பலர் தலித் கிறிஸ்தவர்கள் என்பதை டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' நூல் விரித்துரைக்கிறது. செபாஸ்டியன் என்ற பெயரைப் பார்த்தால் நம் வீட்டுப் பெயராகத் தெரியவில்லையா?

இது கலையே அன்று, வெறும் கொட்டு என்போர் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கட்டும். வேப்ப மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த வளைச்சட்டம். அதன்மேல் இழுத்து ஒட்டிய கன்றுத் தோல். நெருப்பில் காய்ச்சினாலன்றி நாதம் எழாது. ஒரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. கைகள் இரண்டும் வெவ்வேறு கணக்கில் அடிக்க, கால்கள் அடவு போட வேண்டும். தொல்காப்பியர் நிலங்களின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்து வைத்தார். மார்கழி நோன்பில் ஆண்டாள் கண்ணனிடம் கேட்பதும் பறைதான். செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்த 'தோஃப்' என்ற கருவியும், வளைச்சட்டத்தில் தோல் கட்டிய பறை இனத்தைச் சேர்ந்ததே. விடுதலையின் முதல் பாட்டுக்குத் தாளம் தந்தது அது. நம் மண்டபத்தில் மட்டும் அதற்கு இடமில்லை!

ஆகவே தடை கருவிக்கன்று, அதை அடித்துவந்த மக்களுக்கே. பரதத்துக்கும் ஒரு காலத்தில் இழிபெயர் இருந்தது. சதிர் என்று பழிக்கப்பட்ட ஆட்டம் 1930களில் பெயரும் மேடையும் ஆடுவோரும் மாறியபின் குலப்பெண்களின் கலையாயிற்று. 1977இல் திருச்சியில் தோன்றிய கலைக்காவிரி அதே பரதத்தில் நற்செய்தியை ஆடிக்காட்டியபோது நாம் கைதட்டினோம். கைதட்டியது சரியே. பறைக்கு வரும்போது மட்டும் கை ஏன் மடங்குகிறது? திருவழிபாடு பற்றிய சங்க ஏடு (1963) 119ஆம் எண்ணில், மறைபரப்பு நாட்டு மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரச் சொல்கிறது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு உண்டென ஒப்புக்கொண்டு தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது. ஆவணங்கள் அலமாரியில் நலமாயிருக்கின்றன.

தொலைவில் போய்த் தேட வேண்டியதும் இல்லை. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. பெண் தொடக்கூடாது என்றிருந்த கருவி. பள்ளியை இடையில் விட்ட பெண்கள். அவர்கள் நடுத்தெருவில் அடவு போட்டு அடித்ததை, அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் ஆவணப்படமாக்கி உலகுக்குக் காட்டினார். 2025இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு நடுவண் அரசு பத்மஸ்ரீ அறிவித்தது. ஓக்லஹோமாவும் தில்லியும் அறிந்ததை நம் பங்குப் பேரவை அறியாதிருப்பது விந்தை.

ஒரு மறுப்பு மட்டும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அது பறையடித்த குடும்பங்களிலிருந்தே வருவது. "எங்கள் பாட்டன் அடித்தது கலையென்று அல்ல சாமி, அடிக்காவிட்டால் ஊர் விடாது என்று. அந்தச் சனியனை என் மகன் கையில் ஏன் கொடுக்கிறீர்கள்?" என்றார் ஒரு தந்தை. அவருக்கு மறுமொழி சொல்லும் தகுதி நமக்கில்லை. அவர் மகனைக் கட்டாயப்படுத்தவும் மாட்டோம். கட்டாயமாக அடித்த கைக்கு, அடிக்க மறுக்கும் உரிமை உண்டு. நாம் கேட்பது, இதுவரை கேட்டு மட்டும் வந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆசான்முன் அமர்ந்து, "ஐயா" என்றழைத்துக் கற்க வேண்டும் என்பதே.

வரும் மே மாதம் அதே முகாம், அதே ஆசான். சென்ற ஆண்டு கீபோர்டு ஆசிரியருக்குத் தந்ததில் பாதியை அவர் கையில் வைத்து அனுப்பினோம். இம்முறை இருவருக்கும் ஒரே தொகை. பறை வகுப்பு காலை ஏழு மணிக்கு, கோயில் மண்டபத்தில். தோல் காய்ச்ச வைக்கோல் வேண்டும். களம் வைத்திருப்போர் ஆளுக்கொரு கட்டு கொடுத்துதவலாம்.