கேள்வி கேட்காத கதைகள்



இரவு மணி பத்து. வீட்டில் எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. ஆனால் உங்கள் போர்வைக்குள் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம். கையில் ஒரு புத்தகம். அதில் ஒரு சிறுமி டிராகன் மேல் ஏறிப் பறக்கிறாள். அல்லது ஒரு விண்கலம் வழி தவறிப் போகிறது.

"இன்னும் தூங்கலையா?" என்று அம்மா கேட்கிறார்.

"இன்னும் ஒரே ஒரு பக்கம்மா!" என்று நீங்கள் கெஞ்சுகிறீர்கள்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்ததுண்டா? அந்தப் புத்தகம் எந்த மொழியில் இருந்தது? பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருந்திருக்கும். ஆலன் பொது நூலகத்துக்குப் போய் நீங்களே ஆசையாக எடுத்து வந்த புத்தகமாக இருக்கலாம். அதைப் படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. படித்து முடித்ததும் யாரும் தேர்வு வைக்கவில்லை.

தமிழ்ப் புத்தகம் அப்படியா? வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கு வருகிறீர்கள். ஒரு கதை படிக்கிறீர்கள். உடனே, 'இக்கதையின் நீதி என்ன?' 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று கேள்விகள் வந்துவிடும். பயிற்சி தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்காக மட்டும் படித்தால், தமிழ் வெறும் வீட்டுப்பாட மொழியாக நின்றுவிடும். அதனால் என் கருத்து இதுதான்: தமிழிலும் நீங்கள் ஜாலிக்காகப் படிக்க வேண்டும். பேய்க்கதை, மாயக்கதை, விண்வெளிக்கதை, ரோபோக்கதை, எது பிடிக்கிறதோ அதைப் படியுங்கள்.

"தமிழ்ல அந்த மாதிரி கதையெல்லாம் இருக்கா?" என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அம்புலிமாமா. இது 1947ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய குழந்தைகள் இதழ். அதில் விக்கிரமாதித்தன் கதை வரும். அவன் ஒரு வேதாளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பான். வேதாளம் ஒரு கதை சொல்லும். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்கும்! பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். நம் பாடப்புத்தகம் எவ்வளவோ பரவாயில்லை, இல்லையா? அரசன் பதில் சொன்னதும் வேதாளம் மறுபடியும் மரத்துக்குப் பறந்துவிடும். பழைய வேதாளக் கதைகள் மொத்தம் 25தான். அவை தீர்ந்த பிறகும் அம்புலிமாமா புதிய வேதாளக் கதைகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாவது, இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் இதுதான். உடலில் மின்சாரம் பாய்ந்ததும் மாயாவி மறைந்துவிடுவான். அவனுடைய இரும்புக்கை மட்டும் தனியாகக் காற்றில் தெரியும்! இது முதலில் இங்கிலாந்தில் ஆங்கிலத்தில் வந்த படக்கதை. தமிழ்நாட்டுக் குழந்தைகள் அதைத் தமிழிலேயே படித்து மகிழ்ந்தார்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த ஜீனோ. ஜீனோ ஒரு ரோபோ நாய். பேசும், கிண்டல் செய்யும், போகப்போகத் தானாகவே யோசிக்கவும் தொடங்கும். காணாமல் போன தன் கணவன் சிபியைத் தேடும் நிலாவுக்கு அது உதவி செய்கிறது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ. இந்தப் பெயர்களின் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். எல்லாமே இரண்டு எழுத்து! கதையின் பெயர் 'என் இனிய இயந்திரா'. எழுதியவர் சுஜாதா. அவர் ஒரு பொறியாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் வேலையில் பங்கு பெற்றவர். 1980களில் ஆனந்த விகடனில் இந்தக் கதை வாராவாரம் வந்தது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று பெரியவர்களும் காத்திருந்தார்கள். கொஞ்சம் பெரிய கதைதான். அப்பா அல்லது அம்மாவோடு சேர்ந்து படியுங்கள்.

"ஆனா தமிழ்ல நிறைய வார்த்தை எனக்குத் தெரியாதே!" என்கிறீர்களா? சரி, ஒன்று கேட்கிறேன். ஹாரி பாட்டரில் 'குவிடிச்' என்ற சொல்லை முதன்முதலில் பார்த்தபோது உங்களுக்குப் பொருள் தெரியுமா? தெரியாது. இங்கிலாந்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியாது. அது ஆசிரியர் தாமே உருவாக்கிய சொல். அதற்காக நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டீர்களா? இல்லையே! மேலே படித்தீர்கள், தானாகப் புரிந்தது. மாயக்கதையும் அறிவியல் கதையும் படிப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. தமிழிலும் அதையே செய்யுங்கள். ஒரு சொல் புரியவில்லையா? தாண்டிப் போங்கள். ஒரு பக்கம் புரியவில்லையா? யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். புத்தகமே பிடிக்கவில்லையா? வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுங்கள். தப்பே இல்லை.

"சாப்பிட்டியா?", "ஹோம்வொர்க் முடிச்சியா?" இந்த இரண்டுக்கும் மட்டும் தமிழ் போதுமா? நீங்கள் பயப்படவும், விழுந்து விழுந்து சிரிக்கவும், அடுத்த பக்கத்தை அவசரமாகத் திருப்பவும் தமிழ் வேண்டும். அப்போதுதான் அது அப்பா அம்மாவின் மொழியாக மட்டும் இல்லாமல் உங்கள் மொழியாகவும் ஆகும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடமோ தாத்தாவிடமோ, "உங்களுக்கு இரும்புக்கை மாயாவி தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்திருந்தால் அவர் முகத்தைக் கவனியுங்கள்!

அப்புறம் ஒரு கதையை எடுத்துப் படியுங்கள். முடித்ததும் யாராவது, "அதுல என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, சும்மா ஜாலிக்குப் படிச்சேன்" என்று சொல்லுங்கள்.

அதைத் தமிழிலேயே சொல்லுங்கள்.