பட்டத்துக்குப் பொறுப்பு யார்?



மரக்காணம் உப்பளத்துக்குக் கொள்முதலுக்கு வரும் வியாபாரி கண்ணை மூடிக்கொண்டா பணம் எண்ணுகிறார்? உப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறார். ஈரம் பார்க்கிறார், நிறம் பார்க்கிறார், எடை பார்க்கிறார். பிறகுதான் விலை பேச்சு. அதே வியாபாரி தம் மகனைக் கல்லூரியில் சேர்க்கும்போது எதையும் கேட்பதில்லை. பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது, அதை நிர்வகிப்பவர் யார், அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று விசாரித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நமது விழுப்புரம் மாவட்டத்தின் கதையையே பாருங்கள். இங்குள்ள அரசுக் கல்லூரிகள் ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானது. திண்டிவனத்தில் படித்த மாணவன் மதிப்பெண் சான்றிதழில் ஒரு பிழை திருத்த வேலூர் வரை ஓட வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் தனிப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டு 31 அன்று அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க இன்னொரு சட்டம்! ஒரு கட்சி திறந்தது, மறு கட்சி மூடியது. திறந்தவர்களும் சரி, மூடியவர்களும் சரி, மாணவனை ஒரு வார்த்தை கேட்டார்களா?

சரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிலை என்ன? 1929-இல் தொடங்கிய பெருமைக்குரிய நிறுவனம்தான். ஆனால் தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆட்களை வேலைக்கு வைத்து, சம்பளம் கொடுக்க முடியாமல் தள்ளாடியது. 2013-இல் தமிழக அரசு தனிச்சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டது. மிகுதியான ஊழியர்களை மற்ற அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள். நிர்வாகத்தின் தவறுக்கு விலை கொடுத்தது மக்களின் வரிப்பணம்.

இதைவிட நம் சமுதாயத்தை நேரடியாகத் தாக்கியது ஒன்று உண்டு. கடையில் நின்றுகொண்டே, வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே, தொலைதூரக் கல்வியில் பட்டம் படித்த நம் இளைஞர்கள் ஏராளம். 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக்குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்று! அதன்பின் பல ஆண்டுகளாகக் கட்டணம் கட்டியவர்கள் கதி? மானியக்குழு பல்கலைக்கழகத்தைக் கைகாட்டியது. இவர்கள் சண்டையில் பட்டதாரியின் சான்றிதழ் சந்தேகத்துக்கு உள்ளானது. சந்தையில் கலப்பட உப்பு விற்றவனைப் பிடித்து நிறுத்துகிறோம். இங்கே யாரைப் பிடிப்பது?

பொறுப்பைச் சுமக்க வேண்டிய நாற்காலியே காலியாகக் கிடந்தால் யாரைப் பிடிப்பது என்பது இன்னும் கடினம். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. ஈராண்டு கடந்தும் புதியவர் வரவில்லை. தேடுதல் குழுவில் மானியக்குழுவின் பிரதிநிதி வேண்டும் என்றார் ஆளுநர் ரவி. மாநிலச் சட்டத்தில் அப்படி இல்லை என்றது அரசு. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கே தரும் மசோதாவை 2022 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் கிடப்பில் போட்டார். 2025 ஏப்ரல் 8-இல் உச்சநீதிமன்றம் மசோதாக்களுக்கு உயிர் கொடுத்தது. மே 21-இல் உயர்நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மாநில உரிமை பெரிதுதான். அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ராஜ்பவனும் கோட்டையும் கயிறு இழுத்த அந்த ஆண்டுகளில் பேராசிரியர் பணியிடம் நிரம்பாமல் படித்துவிட்டுப் போன மாணவனுக்கு அந்தக் காலத்தை யார் திருப்பித் தருவார்கள்?

நாற்காலி நிரம்பினால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. உதவிப் பேராசிரியர் பணிக்கு 30 இலட்ச ரூபாய் லஞ்சம் என்ற வழக்கில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரே 2018 பிப்ரவரியில் கைதானார். அதே ஆண்டு ஆகஸ்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கி மதிப்பெண் போட்டதாக லஞ்ச ஒழிப்புத்துறை வழக்குப் பதிந்தது.

கல்வி நிர்வாகம் ஓர் அமானிதம். வக்ஃபு சொத்தில் முத்தவல்லி கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கும் நாம், பல்கலைக்கழகத்திடம் கேட்கத் தயங்குகிறோம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் வேலைக்குப் பணம் கொடுக்க முண்டியடிப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். சிறுபான்மைக் கல்லூரி என்ற பலகை மாட்டிக்கொண்டு கைநீட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேடையில் நம் பக்கத்தில் உட்காரும்போது நாம் எழுந்து போவதில்லை.

வணிகர்களே! பிள்ளையைத் தொலைதூரப் படிப்பில் சேர்க்கும் முன், அந்தக் கல்வியாண்டில் அந்தப் படிப்புக்கு மானியக்குழுவின் அனுமதி உண்டா என்று பாருங்கள். முகவர் வாய்ச்சொல் போதாது. பணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மாணவர்களே! திருத்தப்பட்ட உங்கள் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுக் கட்டணம் பத்தே ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் துறையில் எத்தனை பணியிடம், எத்தனை காலி என்பதையும் அதே பத்து ரூபாயில் கேட்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க, மரக்காணம் முதல் திண்டிவனம் வரை ஜமாஅத்துக்கு இரண்டு இளைஞர்கள் வரும் ஜும்ஆவுக்குள் பெயர் கொடுங்கள்.