ஊர் வரலாறு யாருக்கு உரியது?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. தெற்கே திரும்பினால் ஒரகடம். ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரியும் வயலுமாகக் கிடந்த இந்நிலம் இன்று உலகத்துக்குக் காரும் கைப்பேசியும் செய்து தருகிறது. 1998-ல் ஹூண்டாயின் முதல் கார் இங்கிருந்து வெளிவந்தது. 2006-ல் நோக்கியா வந்தது. 2014-ல் கதவடைத்துச் சென்றது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கிற்று. இப்பகுதி இன்று என்ன செய்கிறது என்பதை உலகமே அறியும். முன்பு என்னவாக இருந்தது என்பதையோ, இங்கு பிறந்து வளரும் பிள்ளைகளே அறியார்.

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் இரண்டு ஆண்டுகள்தாம் எல்லார் நாவிலும் வரும். ஒன்று 1017, இராமானுசர் பிறந்த ஆண்டு. மற்றொன்று 1991, இராஜீவ் காந்தி கொலையுண்ட ஆண்டு. முன்னவருக்குக் கோயில் உண்டு. பின்னவருக்கு 2003-ல் நினைவகம் எழுந்தது. இரண்டும் முறையே. ஆனால் நாம் கேட்கிறோம்: இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே இம்மண்ணில் மனிதர் எவரும் வாழவில்லையா? உழவர் உழவில்லையா? நெசவாளர் நெய்யவில்லையா? பாங்கொலி கேட்டுத் தொழுகைக்கு எழுந்தவர் எவருமிலரா? அவர்களுடைய வரலாற்றைச் சொல்லும் கூடம் எங்கே?

வரலாற்றுக்குப் பொருள் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1863-ல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அக்கல்லிலிருந்து தொடங்கியது. அதிராம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் ஆய்ந்த கருவிகள் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-ல் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு ஏன்? ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, தரைக்குச் சற்றுக் கீழேயே கற்கருவிகள் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று கணித்தார்கள். கூப்பிடு தூரத்தில் எந்திரக் கைகள் கார்களைப் பூட்டிக் கொண்டிருக்க, மண்ணுக்குள்ளிருந்து மனிதக் கை செதுக்கிய கருவி எழுந்து வந்தது. இதைவிடச் சிறந்த கண்காட்சி வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளை அதைத் தன் ஊரிலேயே, நாள்தோறும் கண்டுவர வழியுண்டா?

கீழடியில் கிடைத்தவை கீழடியிலேயே வைக்கப்பட வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். 2023 மார்ச்சு 5-ஆம் நாள் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று தாய்மார்கள் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். வைகைக் கரைக்கு வாய்த்தது தொண்டை நாட்டுக்கு வாய்க்கலாகாதா? காஞ்சிபுரத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறதே என்பர். இருப்பது நன்று. ஆயினும் பட்டு நகரத்தின் கூடம் தொழிற்பேட்டை மக்களின் கூடமாகிவிடாது. கண்டெடுத்த இடத்திலேயே காண்பதற்குத் தனி ஆற்றல் உண்டு.

கட்டடம் எழுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதுவோரையும் நாம் ஏற்பதற்கில்லை. மே 18 உலக அருங்காட்சியக நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அந்நாள்களில் குத்துவிளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, மாணவர்க்கு ஓவியப் போட்டி நடத்திப் பரிசு வழங்கிவிட்டு, மறுநாள் கதவைச் சாத்திக்கொள்வது விழாவாகலாம், தொண்டாகாது. எழும்பூர் அருங்காட்சியகம் காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆலைத் தொழிலாளிக்கு அந்த நேரம் ஒத்துவருமா? வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்க்கென 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரே அது! முறைவேலை முடித்து வரும் அந்தப் பெண்மக்கள் ஓய்வு நாளில் எங்கே செல்வர்? மாலையில் திறந்திருக்கும் கூடமும், அவர்கள் கேட்டுத் தெளியும் மொழியில் எடுத்துரைக்கும் வழிகாட்டியும் வேண்டும். அவர்கள் கைப்பட்டுப் பிறந்த முதல் கைப்பேசியும் பழுதாகி ஒதுங்கிய கருவியும் அங்கே இடம்பெற வேண்டும். நோக்கியா ஆலை மூடியபோது வேலை இழந்தவர் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும். நேற்று நடந்ததும் வரலாறே.

இனி நம் சமுதாயத்தாரிடம் வருவோம். இத்தகைய கூடம் வேண்டும் என்றதும் நம்மில் சிலர் முகம் சுளிக்கின்றனர். "சிலைகள் நிறைந்த இடத்தில் முஸ்லிமுக்கு என்ன வேலை?" என்று கேட்கின்றனர். காண்பது வேறு, வணங்குவது வேறு என்ற சிறு வேறுபாட்டைக்கூட உணராத கேள்வி இது. பூமியில் பயணம் செய்து, முன் சென்ற சமூகங்களின் முடிவு என்னவாயிற்று எனப் பார்க்குமாறு திருமறை பல இடங்களில் ஏவுகிறது. பார்க்கச் சொன்ன கட்டளைக்குப் பார்வையை மூடிக்கொள்வதா விடை? அம்ரு இப்னு ஆஸ் (ரலி) அவர்களின் படை எகிப்தில் நுழைந்தபோது பிரமிடுகள் அங்கேதான் இருந்தன; இன்றும் இருக்கின்றன. கெய்ரோ நகரத்து முஸ்லிம்கள் பழுதுபட்ட பள்ளிவாசல்களின் விளக்குகளையும் மரச் சிற்ப வேலைகளையும் திரட்டிக் காத்தனர்; அவற்றுக்கென 1903-ல் தனி மாளிகையே திறந்தனர். 2001-ல் பாமியான் சிலைகளை உடைக்கத் துணிந்தவர்களிடம் சென்று வேண்டாம் என்று தடுக்க முயன்றவர்களில் முஸ்லிம் மார்க்க அறிஞர்களும் இருந்தார்கள். இவர்களெல்லாம் மார்க்கம் அறியாதவர்களா?

வேறு சிலர் இருக்கின்றனர். அவர்களுக்கு அருங்காட்சியகம் வேண்டும். ஆனால் அதில் நம் பெருமை மட்டுமே ஒளிர வேண்டும். இவர்களுக்கு நாம் புள்ளலூரைக் காட்டுகிறோம்.

புள்ளலூர் காஞ்சிக்கு அருகில் உள்ள சிற்றூர். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் அங்கே திப்பு சுல்தானும் ஹைதர் அலியும் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து முறியடித்தனர். ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படையில் தப்பியவர் சிலரே. மைசூர்ப் படையின் ஏவுகணைகள் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளைத் தாக்கித் தகர்த்தன. பக்சார்ப் போரில் வென்ற மன்ரோ, உதவிக்கு வராமல் காஞ்சியிலேயே தங்கியிருந்தார். பின்னர்ப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்ட தோல்விகளில் மிகப் பெரியது இது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இதை ஓவியமாக்கினார். அவ்வோவியத்தின் பழைய படி ஒன்று 2022 மார்ச்சில் இலண்டன் ஏலத்தில் 6,30,000 பவுனுக்கு விலைபோயிற்று. இலண்டனில் இத்தனை விலை பெற்ற போர், ஒரகடத்துப் பள்ளி மாணவனின் காதில் விழுந்ததுண்டா? புள்ளலூரில் பெயர் பொறித்து நிற்கும் நினைவுத் தூண்களோ, அங்கு வீழ்ந்த ஆங்கில அதிகாரிகளுக்கு உரியவை!

இது வரை சொன்னால் நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் இதோடு நிறுத்துவது நேர்மையாகாது. அதே 1780-ல் ஹைதரின் குதிரைப்படை கருநாடகச் சமவெளியில் ஊர்களைக் கொளுத்தியது. விளைச்சல் அழிந்தது, மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். எரிந்த கூரைகளுக்குக் கீழே எல்லாச் சமயத்து ஏழைகளும் இருந்தனர். புள்ளலூரின் வெற்றியைச் சொல்லும் பலகைக்குப் பக்கத்திலேயே இந்த அழிவைச் சொல்லும் பலகையும் இருக்க வேண்டும். தமக்கோ பெற்றோருக்கோ எதிராகவேனும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு பணிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர் இதற்கு அஞ்சலாமா? நம் வெற்றியை மட்டும் தொங்கவிடும் கூடத்தை நாம் கேட்டால், நம்மை அடியோடு விட்டுவிடும் கூடத்தை வேறொருவர் கேட்கும்போது மறுக்க நமக்கு என்ன உரிமை எஞ்சும்? இன்று வரலாற்று ஏடுகளில் திப்புவின் பெயரை வைப்பதா நீக்குவதா என்று வழக்காடுவோர் ஒருபுறம் இருக்கின்றனர். அவர்களுக்குத் தகுந்த விடை முழக்கமன்று; முழு உண்மையே.

அந்த உண்மைக்கு நாம் கொடுக்க வேண்டிய பங்கும் உண்டு. எத்தனை ஜமாஅத்துகளில் பழைய நிக்காஹ் பதிவேடுகள் கறையானுக்கு இரையாகின்றன! எத்தனை வீடுகளில் பாட்டிமார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள், படிக்க ஆளில்லை என்று கிணற்றிலும் ஆற்றிலும் விடப்படுகின்றன! கபருஸ்தானின் மீசான் கல்லில் உள்ள எழுத்தை, அது மழையில் கரையும் முன் படியெடுத்து வைத்தோர் எத்தனை பேர்? பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது பழைய மரத்தூணை விறகுக்கு விற்றுவிட்டு, பிறகு "எங்கள் வரலாற்றை மறைத்துவிட்டார்கள்" என்று குறைகூறுவது எவ்வாறு பொருந்தும்? பிறர் மறைத்தது ஒரு பங்கென்றால், நம்மவர் தொலைத்தது மற்றொரு பங்கு.

காலமோ நமக்காகக் காத்திருக்கவில்லை. பரந்தூரில் விமான நிலையம் அமைக்கும் திட்டம் 2022-ல் அறிவிக்கப்பட்டது முதல் ஏகனாபுரத்து மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போராடினர். அந்தத் திட்டத்தின் நன்மை தீமை வேறு வழக்கு. ஆனால் ஓர் ஊர் இடம்பெயரும்போது அதன் ஏரியின் பெயரும் மதகின் கணக்கும் தெருவின் நினைவும் ஏட்டிலேனும் எஞ்ச வேண்டும் என்பதில் யாருக்கு மாறுபாடு இருக்க முடியும்?

ஆகவே அரசை நாம் கேட்கிறோம்: வடக்குப்பட்டின் கற்கருவி முதல் ஒரகடத்தின் எந்திரம் வரை ஒரே கூரையின் கீழ்க் காட்டும் ஊர் வரலாற்றுக் கூடம் ஒன்றைத் தொழிற்பேட்டையிலேயே அமையுங்கள். நிலம் பெற்றுப் பயன்கொண்ட ஆலைகளும் அதன் செலவில் பங்கேற்கட்டும். முத்தவல்லிகளையும் பெரியோர்களையும் கேட்கிறோம்: பழைய பதிவேடுகளை நகலெடுத்து வையுங்கள், மீசான் கற்களைப் படமெடுங்கள், கண்காட்சி அமையும் நாளில் அவற்றை இரவலாகத் தாருங்கள். தாய்மார்களைக் கேட்கிறோம்: பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளை தன் பாட்டனின் ஏர்க்கலப்பையைக் காட்டும்போது, உங்கள் பிள்ளை தன் பாட்டியின் கிதாபைக் காட்டட்டும். இருவரும் ஒரே ஊரார் என்பதை மேடைப் பேச்சைக் காட்டிலும் அந்தக் காட்சி நன்றாக விளக்கும். அந்த நாளை நம் வாழ்நாளிலேயே காண்போம், இன்ஷா அல்லாஹ்.